சைனஸ் அறுவை சிகிச்சைக்கு முன் வரும் தொலைபேசி அழைப்பு: நீங்கள் அறிய வேண்டியவை

நெற்றி, கன்னம், மூக்கின் இருபுறம் ஆகிய இடங்களில் எலும்புகளுக்குள் அமைந்த காற்றறைகளே சைனஸ்கள். மருந்துகளால் தீராத நாள்பட்ட அழற்சியோ மூக்கில் சதை வளர்ச்சியோ இருப்பின், மூக்குத் துளை வழியே எண்டோஸ்கோப் கருவியைச் செலுத்தி, அடைபட்ட பாதைகளைத் திறக்கின்றனர். இதற்கு நாள் குறிக்கப்பட்ட பின் மருத்துவமனையிலிருந்து உங்களைத் தொலைபேசியில் அழைக்கலாம். அவ்வேளையில் நீங்கள் கூறும் விவரங்கள் உங்கள் பாதுகாப்புக்கு இன்றியமையாதவை.

மருந்துகளைப் பற்றிக் கேட்பது ஏன்?

சைனஸ்களைக் கண்ணிலிருந்தும் மூளையிலிருந்தும் பிரிப்பது மெல்லிய எலும்பே. இக்குறுகிய இடத்தில் சிறிதளவு இரத்தம் கசிந்தாலும் எண்டோஸ்கோப் வழியே காண்பது கடினமாகிவிடும். எனவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின், வலி மாத்திரைகள், சித்த மற்றும் ஆயுர்வேத மருந்துகள், மீன் எண்ணெய் மாத்திரைகள் என எதை உட்கொண்டாலும் தெரிவியுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களைப் படித்துக் கூறுங்கள்.

எந்த மருந்தையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தைத் திடீரென நிறுத்தினால் மாரடைப்பு ஏற்படக்கூடும். எதை, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் உள்ள சிலருக்கு ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் மூச்சுத்திணறலை உண்டாக்கும். முன்பு அவ்வாறு நேர்ந்திருப்பின் கேட்கப்படாவிட்டாலும் கூறுங்கள். காய்ச்சல், புதிதாகத் தொடங்கிய இருமல், புகைப்பழக்கம் ஆகியவற்றையும் மறைக்காதீர்கள்.

உணவு, நீர்

பொதுவாக, மயக்க மருந்து அளிப்பதற்கு 6 மணி நேரம் முன்பு உணவையும், 2 மணி நேரம் முன்பு தண்ணீரையும் நிறுத்த வேண்டும். பால் கலந்த காபி, தேநீர், கஞ்சி ஆகியவை உணவாகவே கருதப்படும். வயிற்றில் உணவு இருப்பின் மயக்க நிலையில் அது நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு. உங்களுக்குரிய நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை அன்று காலை எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

வீடு திரும்பிய பின்

மருத்துவர் அனுமதிக்கும் வரை மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனிவதையும் பளு தூக்குவதையும் தவிர்த்து, தலையை உயர்த்திப் படுங்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். முதல் சில நாள்கள் மூக்கடைப்பும் இரத்தம் கலந்த கசிவும் இருப்பது இயல்பே.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• நிற்காத இரத்தப்போக்கு
• பார்வை மங்குதல், இரட்டையாகத் தெரிதல், கண்ணைச் சுற்றி வீக்கம்
• மூக்கிலிருந்து தெளிந்த நீர் தொடர்ந்து சொட்டுதல்
• கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, அதிகக் காய்ச்சல்

தமிழ்நாட்டில் அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழைக்கலாம்.

அழைப்பை முடிக்கும் முன்

உடன் இருந்து கவனிக்கப்போகும் உறவினரையும் உரையாடலைக் கேட்கச் செய்யுங்கள். புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் திருப்பிக் கூறுங்கள். தவறிருப்பின் அப்போதே திருத்துவர். ஐயம் எழுந்தால் அழைக்க வேண்டிய எண்ணையும் கேட்டுப் பெறுங்கள். இந்த அழைப்பில் வங்கி விவரமோ ஓடிபி எண்ணோ கேட்டால் தெரிவிக்காமல், மருத்துவமனையை நேரில் அணுகி உறுதி செய்துகொள்ளுங்கள்.