வீட்டுக் கூடத்தில் ஒரு விமானி அறை

ஆகாய விமானத்திற்கும் நம் சங்கங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் வினவக்கூடும். சம்பந்தம் உண்டு. விமானம் வானில் ஏறிய முதல் இருபது முப்பது ஆண்டுகளில் அதன் இறக்கைகளுக்கு மேல்தோலாக இருந்தது பெரும்பாலும் தறியில் நெய்த துணியே. அதன் எலும்புக்கூடு தச்சர் இழைத்த மரம். விமானிகளின் உயிரைக் காத்த பயிற்சி யந்திரம் ஒன்று பிறந்ததோ, வாத்தியக் கருவி செய்யும் பட்டறையில். அந்த வரலாற்றையும், பழைய போர் விமானம் ஒன்றின் விமானி அறையை நம் வீட்டிலேயே மாதிரியாக அமைக்கும் விதத்தையும் இங்கே கூற முற்படுகிறோம்.

‘காக்பிட்’ எனப்படும் அந்த அறை ஓர் ஆள் ஒடுங்கி அமரும் கூடு. எதிரே கருவிப் பலகை, முழங்கால்களுக்கிடையே கைப்பிடித் தண்டு, காலடியில் இரண்டு மிதிகட்டைகள். இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த ஸ்பிட்பயர், ஹரிக்கேன் முதலிய விமானங்களின் இந்தப் பகுதியை மட்டும் வீட்டுக் கொட்டகையில் அளவு பிசகாமல் கட்டிவைப்பதை மேல்நாடுகளில் பலர் ஒரு தவமாகவே செய்து வருகின்றனர். இங்கிலாந்தில் நியூவார்க் என்னும் ஊரின் விமானக் காட்சிசாலையில் இத்தகைய அறைகளை மட்டும் கொண்டுவந்து வைத்துக் கண்காட்சி நடத்துவதுண்டு. பறக்காத விமானத்திற்கு இத்தனை பாடா என்று கேட்டு ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பறக்காத விமானம் ஒன்று செய்த காரியத்தை அறிந்தவர் அவ்விதம் கேட்கமாட்டார்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிங்காம்டன் நகரில், எட்வின் லிங்க் என்ற வாலிபரின் தந்தை ஆர்கன், தானியங்கிப் பியானோ ஆகிய வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். ஆர்கன் என்பது நம் ஆர்மோனியத்தின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். துருத்தியும் காற்றுக் குழாயும் வால்வும்தான் அதன் உயிர். 1904இல் பிறந்த எட்வினுக்கு விமானம் ஓட்டக் கற்கும் மோகம் மிகுதி. கற்பதற்கான செலவோ அதைவிட மிகுதி. எனவே தொழிற்சாலையின் நிலவறையில் அமர்ந்து, 1929ஆம் ஆண்டளவில் ஒரு குட்டி விமானத்தைச் செய்து முடித்தார். மரக் கூடு, சிறு இறக்கைகள், உள்ளே ஓர் இருக்கை. அடியில் நான்கு துருத்திகள். கைப்பிடித் தண்டை அசைத்தால் வால்வுகள் திறந்து, மின்சாரப் பம்பு ஒரு துருத்தியிலிருந்து காற்றை உறிஞ்ச, கூடு அந்தப் பக்கம் சாயும். மிதிகட்டையை அழுத்தினால் முழுக் கூடும் அச்சில் திரும்பும். தந்தையின் பட்டறையில் பயின்ற கைவேலை முழுவதும் அதில் இருந்தது.

இதை வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் கேளிக்கைப் பூங்கா நடத்துவோர். காசு போட்டு ஏறும் ராட்டினத்தோடு ராட்டினமாக அது நின்றது. இராணுவத்தார் திரும்பிப் பார்க்கவில்லை.

1934ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசாங்கம் தனியார் கம்பெனிகளின் விமானத் தபால் ஒப்பந்தங்களை ரத்து செய்து, அந்த வேலையை இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தது. கடுங்குளிர் காலம், மூடுபனி, இரவுப் பயணம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி விமானிகளில் பெரும்பாலோருக்கு இல்லை. சில வாரங்களுக்குள் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அப்போதுதான் லிங்கின் நினைவு வந்தது. நியூஜெர்சியிலுள்ள, முன் சொன்னதற்கு வேறான, மற்றொரு நியூவார்க் நகரின் விமான நிலையத்தில் அதிகாரிகள் காத்திருந்தனர். வானம் மூடிக் கிடந்ததால் அவர் வரமாட்டார் என்றே எண்ணினர். அவரோ கருவிகளை நம்பிப் பறந்து வந்து இறங்கினார். அதே ஆண்டு ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு யந்திரங்கள் வாங்கப்பட்டன. யுத்தம் முடிவதற்குள் 5 லட்சத்துக்கு மேற்பட்ட விமானப் படையினர் அந்தத் துருத்திப் பெட்டியில் அமர்ந்து பயின்றதாகக் கணக்கு.

அப்படி என்ன கற்றுக்கொடுத்தது அது? குற்றாலத்தில் சாரல் காலத்தில் திரிகூடமலை கண்ணெதிரே இருந்தும் ஒரு நொடியில் மறைந்துபோவதை நாம் அறிவோம். தரையில் நிற்பவனுக்குப் பாதம் இருக்கிறது; வழி தெரியாவிட்டாலும் மேல் எது கீழ் எது என்பது தெரியும். மேகத்தினுள் நுழைந்த விமானிக்கு அதுவும் தெரியாது. நம் உட்செவியில் உள்ள திரவம் திருப்பத்தின் தொடக்கத்தை உணரும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் உணர்வு அற்றுப்போகும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளிருப்பவனோ நேராகப் போவதாகவே எண்ணுவான். நிமிர்த்தினால் எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். மீண்டும் பழைய சாய்வுக்கே கொண்டுபோவான். அலுவலகத்துச் சுழல் நாற்காலியில் ஒருவரைக் கண்ணைக் கட்டி உட்கார்த்தி, மெதுவாக ஒரே வேகத்தில் சற்று நேரம் சுற்றிப் பிறகு நிறுத்தினால், எதிர்த்திசையில் சுற்றுவதாகச் சத்தியம் செய்வார். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க இயலாதவாறு விமானம் ஓட்டச் செய்து சோதித்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில் விமானம் கைமீறிப் போயிற்று. மூன்று நிமிஷங்கூட இல்லை.

ஆகவே விமானி கற்க வேண்டியது உடல் சொல்வதைத் தள்ளி முள் சொல்வதை ஏற்பது. இது எவ்வளவு கடினம் என்பது கணக்குத் தணிக்கைக்குச் சென்று வரும் நமக்கு ஓரளவு தெரியும். “இருப்பு சரியாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியாதா?” என்று நூல் இருப்பைப் பற்றி மிக நல்ல மனிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பதிவேடு வேறு சொல்லும்.

இனி, வீட்டில் அமைக்கும் விஷயத்திற்கு வருவோம். எந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பது? மேல்நாட்டார் பெரும்பாலும் விரும்புவது ஸ்பிட்பயர். அதன் உடல் முழுவதும் அலுமினியத் தகடு. இரு பக்கமும் வளைந்து வளைந்து போகும். நம் பக்கத்தில் அதைச் செய்து மீள்வது கடினம். நம் அபிப்பிராயத்தில் ஹரிக்கேனே ஏற்றது. 1935 நவம்பரில் முதன்முதல் பறந்த அவ்விமானம் 14,000க்கு மேல் செய்யப்பட்டது. இந்திய விமானப் படையினர் பர்மா முனையில் பெருவாரியாக ஓட்டியதும் அதுவே. பிற்காலத்தில் படைத் தலைவராக விளங்கிய அர்ஜன் சிங் 1944இல் இம்பாலில் ஹரிக்கேன் அணியைத்தான் நடத்தினார். யாவற்றிலும் மேலாக, விமானி இருக்கைக்குப் பின்னால் வால் வரை அதன் உடல் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரச் சட்டங்கள் வைத்து, லினன் துணி போர்த்தியது. தச்சரும் நெசவாளரும் உள்ள ஊரில் செய்யத்தக்க விமானம் அது.

முதல் வேலை அளவு. குறுக்கு வெட்டுச் சட்டங்களின் உருவை முழு அளவில் தாளில் வரைந்து, பிளைவுட் பலகையில் ஒட்டி அறுத்து, அவற்றை நீளச் சட்டங்களால் இணைக்க வேண்டும். சாரல் மாதங்களில் தென்காசி வட்டாரத்து ஈரம் சாதாரணப் பலகையை அப்பளமாக்கிவிடும்; நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டே வாங்குக. அறைக்குத் தரை வைத்துவிடாதீர்கள். உண்மை விமானத்தில் தரை கிடையாது. கால் வைக்க இரண்டு தடங்கள் மட்டும் உண்டு. பென்சில் நழுவினால் விமானத்தின் வயிற்றுக்குள் போயிற்று என்பதே.

கருவிப் பலகையின் நடுவில் ஆறு கருவிகள் ஒரு சிறு தனிப் பலகையில் அமையும். மேல் வரிசையில் வேகமானி, செயற்கைத் தொடுவானம், ஏற்ற இறக்கத்தைக் காட்டும் முள். கீழ் வரிசையில் உயரமானி, திசை காட்டும் கருவி, திருப்பத்தையும் சறுக்கலையும் காட்டும் கருவி. பிரிட்டிஷ் விமானங்களில் இந்த வரிசை பெரும்பாலும் ஒன்றே. ஒரு விமானத்தில் பழகிய கண் மற்றொன்றில் தடுமாறலாகாது என்பதற்காக அவ்விதம் வைத்தனர். கண்ணாடிக்குப் பின்னால் அச்சிட்ட படம் ஒட்டிவிடுவோரும் உண்டு. பொறியியல் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், சிறு மோட்டார்களை வைத்துக் கணினியுடன் இணைத்து முட்களை உண்மையாகவே அசையச் செய்யலாம். கைப்பிடித் தண்டின் தலை மண்வெட்டிப் பிடிபோல் வட்டமாக இருக்கும். பிரேக் நெம்புகோலும் துப்பாக்கிப் பொத்தானும் அதிலேயே. பொத்தான் இருக்கட்டும், அதில் கம்பி எதுவும் இணைக்க வேண்டாம் என்பது நம் கட்சி. சக்கரங்களை மடக்கும் நெம்புகோல் வலப்பக்கம், வேகம் கூட்டும் பிடி இடப்பக்கம். தரையை விட்டு எழுந்தவுடன் விமானி தண்டை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த நொடியில் புதியவர்களின் விமானம் ஒரு குதி குதிக்குமாம். மாதிரியில் அமர்ந்து பார்த்தால் ஏன் என்பது உடனே விளங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அசல் பழைய கருவிகளை ஏலத்தில் வாங்கிப் பொருத்தும் ஆசை சிலருக்கு உண்டாகும். அக்காலத்து முட்களிலும் எண்களிலும் இருளில் ஒளிர ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். இன்று அந்த ஒளி மங்கிப்போயிருக்கும். ஒளிரும் பொருள் தேய்ந்துவிட்டது. ரேடியம் தேயவில்லை. பாதியாகக் குறைய அதற்கு 1,600 ஆண்டுகள் வேண்டும். மூடியைத் திறந்து சுரண்டினால் தூள் மூச்சோடு உள்ளே சென்று எலும்பில் தங்கிவிடும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அவற்றைச் சேர்க்கவே கூடாது. படம் ஒட்டிய முகமே போதும்.

துணிக்கு வருவோம். முதல் உலக யுத்தத்தில் அயர்லாந்து லினன் போதாமல் அமெரிக்கர் பருத்தியை நாடினர். ‘கிரேடு ஏ’ என்று பெயரிட்ட அந்தப் பருத்தித் துணிக்குப் பாவிலும் ஊடையிலும் அங்குலத்திற்கு 80 முதல் 84 இழைகள். ஓர் அங்குல அகலப் பட்டை 80 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும். கடையநல்லூர்த் தறிக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டால் புன்முறுவல் செய்வார். நெருக்கம் அவருக்குப் புதிதன்று. பருத்தி பயிரிடுவோர் அந்த 80 பவுண்டில் தம் பங்கையும் காணலாம். அதற்கு நீண்ட இழைப் பஞ்சே ஏற்றது. ஆமணக்கு விளைவிப்போரையும் விட்டுவிடக்கூடாது: முதல் யுத்தத்துச் சுழல் எஞ்சின்களுக்கு உயவு எண்ணெய் ஆமணக்கெண்ணெய்தான். அதன் புகையை முகத்தில் வாங்கிய விமானிகளின் வயிறு பட்ட பாட்டை நம் பாட்டிமாரே ஊகித்துவிடுவர்.

1940ஐ ஒட்டி, அலுமினியத்திற்குத் தட்டுப்பாடு வரலாம் என்று அஞ்சி, ஆளி நாரைப் பிசினில் தோய்த்து அழுத்திய பொருளால் ஸ்பிட்பயர் உடல் ஒன்றையே பரீட்சார்த்தமாகச் செய்து பார்த்ததும் உண்டு. உலோகம் போதிய அளவு கிடைத்ததால் அது வழக்கத்திற்கு வரவில்லை. இன்று துணி போர்த்திய விமானங்களில் பாலியெஸ்டரே பெரும்பான்மை.

செலவை ஒருவரே தாங்குவது அரிது. மேல்நாடுகளில் இப்பணியில் ஈடுபட்டோர் வரைபடத்தை ஒருவருக்கொருவர் கொடுத்து, ஒருவர் கைப்பிடி வார்க்க, மற்றொருவர் கருவி முகங்களை அச்சிட, பங்கிட்டுக்கொள்கின்றனர். நம்மவர் நாலு குடும்பம் சேர்ந்து செய்யலாம். பள்ளிக்கூடம் ஒன்றும் செய்யலாம். ஆனால் இதற்கென்று சங்கத்தில் கடன் மனு எழுதிவிட வேண்டாம். ஆட்சேபக் குறிப்பு எழுதுவது நாமாகவே இருக்கும். தொடங்குமுன் டில்லி செல்ல வாய்ப்புள்ளவர் பாலம் விமானப் படைக் காட்சிசாலையில் அசல் ஹரிக்கேனைக் கண்டு வருவது நலம்.

துணி போர்த்தும்போது ஒரு முறை உண்டு. கஞ்சி நீக்கிய பருத்தித் துணியைச் சட்டத்தின் மேல் சுருக்கமில்லாமல், முரசுத்தோல்போல் இழுக்காமல், சற்றுத் தளர்வாகவே தைத்துப் பொருத்த வேண்டும். பிறகு தண்ணீர் தெளித்து நிழலில் உலரவிட வேண்டும். உலர உலரத் துணி தானே சுருங்கி விறைக்கும். அசல் விமானத்தில் அதன் மேல் ‘டோப்’ என்னும் செல்லுலோஸ் பூச்சைப் பல தடவை பூசுவார்கள். அதில் சில வகை எளிதில் தீப்பற்றும். கூடத்தில் நிற்கும் மாதிரிக்கு அது வேண்டாம்; சாதாரண நீர் வர்ணம் போதும். சாரல் நாளில் உலர இரண்டு மூன்று தினங்கள் ஆகும். விரலால் சுண்டிப் பார்த்து, மேளம்போல் ஒலித்த பின்னரே வர்ணத்தைத் தொடுக.