பிழைத்து வந்தவன் கதைக்கு என்ன விலை?

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் சாலையில் ஒரு மணி நேரம் போனால் செங்கம். பக்கத்தில் ஜவ்வாது மலை, ஊரை ஒட்டிச் செய்யாறு. "இந்த ஊருக்கும் சினிமா வசூலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பத்துப்பாட்டில் ஒன்று மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இந்தப் பாட்டின் நாயகன் நன்னன், செங்கத்தை ஆண்டவன். அந்த நாளில் ஊரின் பெயர் செங்கண்மா. பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், வழியில் பார்த்த இன்னொரு கூத்தனிடம் நன்னன் ஊருக்குப் போகும் வழியைச் சொல்கிறான். அந்த வழியில்தான் எத்தனை ஆபத்து! காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி, புதரில் பாம்பு, யானையை விரட்டக் கானவர் எறியும் கவண் கல், பாசி படர்ந்து வழுக்கும் பாறை. கேட்கிறவனுக்குப் 'பிழைப்போமா?' என்ற திகில். கடைசியில் நன்னனின் விருந்தும் பரிசும்.

ஆபத்தில் அகப்பட்டவன் உயிரோடு மீள்வானா என்ற கதைக்கு அன்றே நம் நாட்டில் கிராக்கி இருந்திருக்கிறது, பார்த்தீர்களா? அதே கதைதான் இன்று வெள்ளித் திரையில் ஓடுகிறது. அன்று பரிசு கொடுத்தவன் ஒரு மன்னன். இன்று கொடுப்பவர்கள் நீங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு! அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

நூறு ரூபாயின் பயணம்

'இருநூறு கோடி வசூல்!' என்று பத்திரிகையில் படித்ததும் அவ்வளவும் பட முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டதாக நினைக்கிறோம். அதுதான் இல்லை.

நீங்கள் கொடுக்கும் நூறு ரூபாயில் முதலில் கையை நீட்டுவது சர்க்கார், வரிக்காக. அடுத்தது தியேட்டர்காரரின் பங்கு. மூன்றாவது விநியோகஸ்தரின் கமிஷன். மிஞ்சுவதுதான் படம் எடுத்தவருக்கு. மொத்தத்தில் அவர் கைக்குப் பாதி வந்தாலே அதிர்ஷ்டம். நூற்றுக்கு நாற்பது, நாற்பத்தைந்து என்று வைத்துக்கொண்டால் கணக்கு அவ்வளவாகத் தப்பாது. அதிலிருந்துதான் படச் செலவு, விளம்பரச் செலவு, வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கல்யாணத்தில் வந்த மொய்ப் பணத்தைப் பார்த்து 'அடேயப்பா!' என்கிறவர்களுக்குப் பந்தலும் பந்தியும் என்ன செலவு வைத்தன என்று தெரியாதல்லவா? அது மாதிரிதான் இதுவும்.

குணா குகையில் கிடைத்த புதையல்

கொடைக்கானலுக்குப் போனவர்கள் குணா குகையைக் கம்பி வேலிக்கு இப்புறம் நின்று எட்டிப் பார்த்திருப்பீர்கள். 'சாத்தானின் சமையலறை' என்பது வெள்ளைக்காரர் வைத்த பெயர். 1991 தீபாவளிக்கு வந்த கமல்ஹாசனின் 'குணா' அதற்கு இன்றைய பெயரைத் தந்தது. அன்று அந்தப் படத்துக்கு அப்படியொன்றும் பெரிய வசூல் இல்லை.

2006-ல் கொச்சிக்கு அருகே உள்ள மஞ்ஞும்மல் என்ற ஊரிலிருந்து சில வாலிபர்கள் உல்லாசப் பயணம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் குகைப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். யாரும் இறங்கத் துணியாத இடம். நண்பர் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, உயிரோடு மீட்டுக்கொண்டு வந்தார். கதையல்ல, நிஜம்!

இதைத்தான் டைரக்டர் சிதம்பரம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற பெயரில் மலையாளத்தில் எடுத்தார். 2024 பிப்ரவரி 22-ல் வெளிவந்தது. இதில் கோடிகளை விழுங்கும் நட்சத்திரம் இல்லை, டூயட் இல்லை, வெளிநாட்டுக் காட்சி இல்லை. குகையின் உட்புறத்தைப் பெரும்பாவூரில் ஸெட் போட்டே எடுத்தார்கள். செலவு சுமார் 20 கோடி ரூபாய். உலகம் முழுவதும் வசூலானது சுமார் 240 கோடி! 200 கோடியைத் தாண்டிய முதல் மலையாளப் படம் இதுவே. தமிழ் நாட்டில் மட்டும் 50 கோடிக்கு மேல். மலையாளத்திலேயே ஓடிய ஒரு படத்துக்கு நம் ஊர் ரசிகர்கள் அப்படித் திரண்டார்கள். குகைக்குள் அந்தப் பழைய 'குணா' பாட்டு ஒலித்தபோது தியேட்டரே எழுந்து கைதட்டியது.

நமது நூற்றுக்கு நாற்பது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 கோடி போட்ட இடத்தில் 100 கோடியை ஒட்டி வந்திருக்க வேண்டும். பேஷ்!

ஆனால் பணம் வந்த வீட்டில் வழக்கும் வரும் என்பார்கள். பாட்டுக்கு உரிமை யாருடையது என்று இளையராஜாவின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. இசை உரிமை வைத்திருந்த கம்பெனிகளிடம் முறைப்படி அனுமதி வாங்கியதாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். படத்துக்கு 7 கோடி கொடுத்த ஒருவர், லாபத்தில் நூற்றுக்கு நாற்பது தருவதாகச் சொன்ன வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று போலீஸுக்குப் போனார். தயாரிப்பாளர்கள் அதை மறுத்தார்கள். விவகாரம் கோர்ட்டு ஏறியது. எது நியாயம் என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். தோற்ற படத்துக்கு யாரும் பங்கு கேட்டுச் சண்டை போடுவதில்லை என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

புதுச்சேரிப் பையனும் புலியும்

செங்கத்தில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரியில் இறங்கலாம். அந்தப் புதுச்சேரிப் பையன் ஒருவன் கப்பல் மூழ்கிப் படகில் புலியோடு பசிபிக் சமுத்திரத்தில் தத்தளிக்கும் கதைதான் 'லைஃப் ஆஃப் பை'. யான் மார்ட்டெல் 2001-ல் எழுதிய நாவல். ஆங் லீ டைரக்ஷனில் 2012 நவம்பரில் படமாக வந்தது. தொடக்கக் காட்சிகள் புதுச்சேரியிலேயே எடுக்கப்பட்டவை. தாயாக நடித்தவர் தபு. தொடக்கத்தில் கேட்கும் தமிழ்த் தாலாட்டைப் பாடியவர் நம் பம்பாய் ஜெயஸ்ரீ. ஆஸ்கார் பரிசுக்குப் பரிசீலிக்கப்பட்ட பாட்டு அது.

சமுத்திரம்? அது தைவான் நாட்டுத் தைச்சுங் நகரின் பழைய விமான நிலையத்தில் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி! புலி? பெரும்பகுதி கம்ப்யூட்டரில் வரைந்த புலி. அதனால் செலவு 12 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 650 கோடி ரூபாய். வசூல் 60 கோடி டாலருக்கு மேல், அதாவது 3,300 கோடி ரூபாய்! நான்கு ஆஸ்கார் பரிசுகளும் வந்தன.

இனிமேல்தான் சோகம். அந்தப் புலிக்கு உயிர் கொடுத்த 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' என்ற கம்பெனி, 2013 பிப்ரவரியில், பரிசளிப்பு விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டது! இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். உள்ளே பரிசு வழங்கிக்கொண்டிருந்தபோது, வெளியே இந்தத் தொழிலைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்கள் அட்டை பிடித்து நின்றார்கள். மேடையில் கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிய கலைஞரின் பேச்சை வாத்திய இசையை எழுப்பி அமுக்கினார்கள்.

காரணம் என்ன? இத்தகைய கம்பெனிகள் இன்ன தொகைக்கு இவ்வளவு வேலை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கின்றன. 'வாலை இன்னும் கொஞ்சம் அசையுங்கள்' என்று டைரக்டர் பத்துத் தடவை திருத்தினாலும் தொகை ஏறுவதில்லை. லாபத்திலும் பங்கில்லை. அளவு சொன்ன ரவிக்கைக்குக் கூலி பேசிவிட்டு, நாலு முறை பிரித்துத் தைக்கச் சொன்னால் தையற்காரர் பாடு என்ன ஆகும்?

பாலைவனத்தில் பணம்

இன்னொரு படம் 'ஆடுஜீவிதம்'. பென்யாமின் 2008-ல் எழுதிய மலையாள நாவல். வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போன ஏழை ஒருவன் பாலைவனத்து ஆட்டுப்பட்டியில் அடிமையாக அகப்பட்டுத் தப்பிய கதை. டைரக்டர் பிளெஸ்ஸி இதற்காகப் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தார். 2020-ல் கொரோனா வந்து, படப்பிடிப்புக் குழுவே ஜோர்டான் பாலைவனத்தில் மாட்டிக்கொண்டது. கதாநாயகன் பிருத்விராஜ் முப்பது கிலோ இளைத்தார். படம் 2024 மார்ச் 28-ல் வெளிவந்தது. செலவு 82 கோடி. வசூல் 150 கோடிக்கு மேல்.

'கிட்டத்தட்ட இரட்டிப்பு!' என்று சந்தோஷப்படாதீர்கள். மறுபடியும் அந்தக் கணக்கு: 150-ல் பாதியே 75 கோடிதான். தியேட்டர் வசூலை மட்டும் நம்பியிருந்தால் போட்ட முதலே முழுதாகத் திரும்பாது. வீட்டுத் திரைக்கு விற்கும் உரிமைதான் கை கொடுக்க வேண்டும்.

ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு படங்கள். இரண்டும் நிஜமாகப் பிழைத்து வந்தவர்களின் கதை. இரண்டுக்கும் நீங்கள் கண்ணீர் விட்டீர்கள். ஒன்று ஸெட்டிலேயே குகையைக் கட்டியது. மற்றொன்று பாலைவனத்தையே தேடிப் போனது. லாபக் கணக்கை அங்கேதான் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டுக்காரரோ பிள்ளையோ "அம்மாடி, இருநூறு கோடியாம்!" என்று பத்திரிகையை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள். செலவு எவ்வளவு? எத்தனை வருஷத்து வட்டி? பாடுபட்டவர்களுக்குக் கூலி கொடுத்தாயிற்றா? மூன்றாவது கேள்விக்கு மலைபடுகடாம் கூத்தன் "கொடுத்தாயிற்று, வயிறாரச் சோறும் போட்டான் நன்னன்" என்று சொல்லியிருப்பான். புலிக்கு உயிர் கொடுத்தவர்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை.