சம்ப் மோட்டாருக்கு ஜலதோஷம்!

கனடாவில் இருக்கும் நண்பன் போனில் புலம்பினான். ''மச்சி, இங்கே மைனஸ் இருபது! வீட்டுக்கு அடியில சேர்ற தண்ணியை வெளியே தள்ற பம்ப் இருக்கே, அதோட குழாய் உறைஞ்சுடுமோன்னு தூக்கமே வரலை.''

நியாயமான பயம்தான். தண்ணீர் ஐஸாக மாறும்போது சுமார் 9 சதவிகிதம் உப்பும். குழாயோ, பம்ப்போ... படீர்!

நமக்கு அந்தக் கவலை இல்லை. பாண்டிச்சேரியில் ஐஸ் இருக்கும் இடம் ஃப்ரிஜ். அப்புறம் சாயங்காலம் சில டம்ளர்களில்... சரி, அது வேறு சமாசாரம்! நம் ஊர் சம்ப் மோட்டாருக்கு எமன் வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை ரூபத்தில்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஜனங்களை மீட்டது. நான் குடியிருக்கும் ரெயின்போ நகரில் வானவில்லைக் காணோம். முழங்கால் தண்ணீர்தான் இருந்தது.

எங்கள் மோட்டார், வாசல் ஓரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்த ஒரு ஹெச்.பி. மோனோபிளாக். முழுசாக முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் ஹவுஸ் ஓனர் குரல் கொடுத்தார்.

''தம்பி, டாங்க் காலி. மோட்டாரைப் போடுங்க.''

''நனைஞ்சிருக்கே சார்...''

''துணியால நல்லா துடைச்சுட்டேன் தம்பி!''

போட்டேன். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். கொஞ்சம் புகை. கருகல் வாசனை. அவ்வளவுதான், காயில் காலி!

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: ''மழையில இது சாகலை சார். நீங்க ஸ்விட்சைப் போட்டீங்க பாருங்க, அப்பத்தான் செத்துச்சு.''

துடைத்தது வெளியே, ஈரம் இருந்தது உள்ளே. காயிலுக்குள் சேறும் ஈரமும் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகிவிடும். அப்படியே கழற்றிக் கொடுத்திருந்தால், நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, சூடு காட்டி உலர்த்தி, மெக்கர் வைத்துப் பார்த்து, பேரிங்கையும் கெபாசிட்டரையும் மாற்றித் திருப்பிக் கொடுத்திருப்பாராம். இப்போது காயில் கட்டும் செலவு!

மோட்டார் போனால் போகட்டும். எர்த் சரியில்லாத வீட்டில் நனைந்த மோட்டாரைத் தொட்டால் ஆளே போய்விடுவோம். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். மெயின் போர்டு இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் வீரம் காட்டாமல் மின்துறைக்குப் போன் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டி வைப்பது கல்யாண மாப்பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியம்!

சிலர் புயல் என்றதும் மோட்டாருக்கு பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். வெள்ளத்துக்கு அது ஈடுகொடுக்காது. பையோடு ஓட்டினால் காற்றுப் போகாமல் சூடேறிக் கெட்டுப்போகும். நாலு போல்ட்டைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப் போவதே மேல். அதற்கு முன்னால் ஒரு காரியம்: சம்ப், மேல் டாங்க் இரண்டையும் ரொப்பிவிடுங்கள்.

சம்ப்பை ஏன் ரொப்புவது? இது எனக்கே புதுசு. பூமி ஊறிக் கிடக்கும்போது காலி சம்ப்பைச் சுற்றியுள்ள தண்ணீர் படகு மாதிரி மேலே தள்ளுமாம். தரை விரிசல் விடலாம். அதனால், வெள்ளத்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டாலும் அவசரப்பட்டு இறைக்காமல் சுற்றுப்புறம் வடியும்வரை பொறுக்க வேண்டும். அதுவரை அந்தத் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்கக் கூடாது. சாக்கடையும் அதில் சேர்ந்திருக்கும். பிறகு இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட வேண்டும். கழுவ இறங்குவதற்கு முன் மூடியை நெடுநேரம் திறந்து வையுங்கள். தனியாளாக இறங்கவே கூடாது; மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு.

நிரந்தர வைத்தியம், மோட்டாரை உயரத்தில் வைப்பது. ''மேலே வெச்சா தண்ணி இழுக்குமா தம்பி?'' என்று ஓனருக்குச் சந்தேகம். இந்த மாதிரி பம்ப் ஆறு மீட்டர் ஆழம் வரை சாதாரணமாக இழுக்கும். நம் சம்ப்பின் ஆழமே ஆறேழு அடி. மூன்றடி உயர்த்துவதால் ஒன்றும் குடி முழுகாது. புட் வால்வு ஒழுகாமல் இருந்தால் சரி.

சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு இருந்தது. அதற்கு ஒரு அடி மேலே சிமென்ட் மேடை கட்டியாயிற்று. மோட்டார் இப்போது சிம்மாசனத்தில் ஜம்மென்று இருக்கிறது. மேடைச் செலவில் பாதி என் பங்காம். வாடகை வாங்க வந்தபோது ஓனர் சொன்னார்.

''ஸ்விட்ச் போட்டது நீங்கதானே தம்பி!''