பேய் எந்த மொழி பேச வேண்டும்?

சிறுசேரி சிப்காட்டில் ஒரே டீமில் ஒரு குண்டூர்க்காரர், ஒரு கோழிக்கோட்டுக்காரர், ஒரு திருநெல்வேலிக்காரர் இருப்பது சகஜம். அந்தச் சாப்பாட்டு மேஜையில் தெலுங்கு ‘ஒக்கடு’வா அதன் தமிழ் ரீமேக் ‘கில்லி’யா என்று யாராவது ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். ஒரிஜினலைத் தியேட்டரில் பார்த்து வளர்ந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, ‘நம்ம படம்தான் பெஸ்ட்’ என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

கோழிக்கோட்டுக்காரரின் துருப்புச்சீட்டு பெரும்பாலும் ‘மணிச்சித்திரத்தாழ்’. மது முட்டம் எழுதி, பாசில் இயக்கி, 1993-ல் வந்த படம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அதில் நாயகி கங்காவைப் பிடித்து ஆட்டும் நாகவல்லி, தஞ்சாவூர் நாட்டியக்காரி. அதுவரை மலையாளம் பேசிய மனைவி, கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தித் தமிழில் சீறும்போது கேரள ரசிகனுக்குக் குலை நடுங்கியது. அதே பேய் தமிழ்நாட்டில் தமிழ் பேசினால் யார் பயப்படுவார்கள்? கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வை (2004) எடுத்த பி. வாசு, அங்கே நாகவல்லியைத் தெலுங்கு பேசவைத்தார். அடுத்த வருடம் தமிழில் எடுத்த ‘சந்திரமுகி’யிலும் அதே உத்திதான், ‘ரா ரா’ தெலுங்கில் ஒலித்தது. இந்தியில் பிரியதர்ஷன் எடுத்த ‘பூல் புலையா’வில் (2007) பேய் வங்காளியாகிவிட்டது. ரீமேக்குக்குத் தேவையான புத்தி இதுதான்: காட்சியைக் காப்பியடிக்காமல், அந்தக் காட்சி ஏன் வேலை செய்கிறது என்று யோசிப்பது.

ஆனால் ‘சந்திரமுகி’ ஒரு விலையும் கொடுத்தது. மலையாளத்தில் மோகன்லாலின் டாக்டர் சன்னி பாதிப் படத்தை நெருங்கும்போதுதான் வருகிறார். அதுவரை கதை அந்த வீட்டுக்குள்ளேயே மெல்லப் புழுங்குகிறது. ரஜினியை அவ்வளவு நேரம் வெளியே நிறுத்த முடியுமா? முதலிலேயே வந்து சண்டை போடுகிறார். சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டிய படத்தைத் தோல்வி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பயம் என்று பார்த்தால் மட்டும் மலையாளத்துக்கே ஓட்டு.

‘கில்லி’யில் கணக்கு தலைகீழ். குணசேகர் இயக்கிய ‘ஒக்கடு’ (2003) கர்னூலையும் சார்மினாரையும் நம்பி நின்ற படம். தரணி அதை மதுரைக்கும் சென்னைக் கலங்கரை விளக்கத்துக்கும் இடம் மாற்றினார். இரண்டிலும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான். தெலுங்கின் ஓபுல் ரெட்டியைவிட மதுரை முத்துப்பாண்டி ஒரு படி மேலே போனார். 2024 ஏப்ரலில் மறுபடி வெளியானபோதும் தியேட்டர்கள் திருவிழாவாகின.

இதற்கு நேர் எதிர், ஹாலிவுட்டில் கஸ் வான் சாண்ட் 1998-ல் செய்தது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வை ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே கலரில் எடுத்தார். எதற்கு என்று இன்றுவரை கேட்கிறார்கள்.

‘பாபநாசம்’ (2015) இழுபறி. மலையாளத்தில் ‘த்ருஷ்யம்’ எடுத்த ஜீத்து ஜோசப்பே இயக்குநர், ஜெயமோகன் வசனம். கேபிள் டிவி நடத்தும் ஜார்ஜுகுட்டி, சுயம்புலிங்கமாகி நெல்லைத் தமிழ் பேசுகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் முன் நிற்கும் கடைசிக் காட்சியைப் பாருங்கள். மோகன்லால் அடக்கியே வாசிக்கிறார்; கமல் உடைந்து அழுகிறார். அழுகை பிடித்தவர்கள் கமல் பக்கம். ஆனால் இத்தனை பொய்களை முகம் மாறாமல் சொன்ன மனிதருக்கு அந்த அடக்கமே பொருந்துகிறது.

இப்போது வியாபாரமே மாறிவிட்டது. தெலுங்குப் படங்களைத் தமிழாக்கியே ‘ஜெயம்’, ‘எம். குமரன்’, ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ என்று வரிசையாக ஜெயித்த மோகன் ராஜாவின் காலத்தில், ஒரிஜினலைப் பார்த்த தமிழர்கள் குறைவு. இன்று ஓ.எம்.ஆர். தியேட்டர்களில் மலையாளமும் தெலுங்கும் நேராகவே ஓடுகின்றன. ‘பிரேமம்’ சென்னையில் மலையாளத்திலேயே 200 நாளைத் தாண்டியது. வடக்கே ‘சூரரைப் போற்று’ இந்தி டப்பிங்கில் கைக்கு எட்டிய பிறகு, சுதா கொங்கராவே இயக்கி அக்‌ஷய் குமார் நடித்தும் அதன் ரீமேக் ‘சர்ஃபிரா’ (2024) படுத்துவிட்டது. ஓடிடியில் நேரடியாக வந்த மலையாள ‘த்ருஷ்யம் 2’-ன் இந்தி ரீமேக் மட்டும் 2022-ல் சக்கைப்போடு போட்டது.

அந்த இரண்டாம் பாகத்தைத் தெலுங்கும் கன்னடமும் கூட 2021-லேயே எடுத்துவிட்டன. தமிழில் எடுக்கவில்லை. சுயம்புலிங்கம் அப்புறம் என்ன ஆனார் என்பதைத் தமிழ் ரசிகர்கள் மோகன்லாலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.