குளிர்கால டயர்: தில்லி வாகனங்களுக்குத் தேவையா?

பனிப்பொழிவைக் காண மணாலி செல்லும் தில்லிவாசிகள், தங்கள் காருக்குக் குளிர்கால டயர் பொருத்துவது அவசியமா?

வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சென்றால், சாதாரண டயரின் ரப்பர் இறுகிச் சாலைப் பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மையானது. அதிலுள்ள நுண்ணிய கீறல்கள் பனியைப் பற்றிக்கொள்ளும். ஆனால், வெப்பமான சாலையில் அந்த மென்மையே குறையாகிறது. டயர் விரைவில் தேயும். பிரேக் போட்டபின் வாகனம் நிற்க எடுத்துக்கொள்ளும் தொலைவும் அதிகரிக்கும்.

தில்லியில் குளிர்காலத்திலும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 7 டிகிரிக்கு மேலேயே இருக்கும். எனவே, லாஹௌல், லடாக் பகுதிகளில் குளிர்காலம் முழுவதும் வாகனம் ஓட்டுவோருக்கே இந்த டயர்கள் உரியவை. ஓரிரு நாள் பயணிகள், தேயாத டயர்களுடன் பனிச் சங்கிலியை எடுத்துச் செல்லலாம். பனிப்பொழிவு கடுமையானால் பயணத்தைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பானது.