கொங்கிறீற்றுத் தளத்துக்கு வைத்தியம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவமொழி. கட்டிய வீட்டைத் திருத்திப் பார் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. அக்காலத்து மண்சுவரையும் ஓலைக் கூரையையும் ஆண்டுதோறும் வீட்டாரே தம் கையால் செப்பஞ் செய்துகொண்டனர். அதனை ஒரு பெருங்காரியமாக எவரும் கருதியதில்லை. இன்று நாம் வாழும் கொங்கிறீற்று வீடு அத்தகையதன்று. அதன் நோய் உள்ளே தோன்றி, பல ஆண்டுகள் மறைந்திருந்து, ஒருநாள் மேற்றளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழும்போதே வெளிப்படுகின்றது. அப்போது பதறியடித்துக்கொண்டு ஒரு மேசனை அழைத்து, பெயர்ந்த இடத்தில் சாந்தைப் பூசச் செய்து, மேலே வெள்ளையடித்து மனநிறைவு கொள்கிறோம். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அதே இடம் மீண்டும் பெயர்கின்றது. குறை மேசனிடத்தில் மட்டுமன்று. திட்டமின்றித் தொடங்கிய நம்மிடத்திலும் உண்டு.

கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல இதனை எண்ணிப் பார்ப்பதற்கு மிகப் பொருத்தமான ஊர். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் சாலையில், களனி கங்கையின் கரையில் அமைந்த இவ்வூர், இலங்கையின் மிக ஈரமான இடங்களில் ஒன்று. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலத் திரைப்படத்துக்காக டேவிட் லீன் இங்கேதான் ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலத்தைக் கட்டுவித்து, 1957ஆம் ஆண்டில் அதனை வெடிவைத்துத் தகர்த்தார். மரங்கள் போயின, பாலத்தைத் தாங்கிய கொங்கிறீற்று அத்திவாரங்களின் எச்சங்களை இன்றும் அங்கே காணலாம். வெள்ளத்தையும் மழையையும் அவை இவ்வளவு காலம் பொறுத்திருக்க, நம் வீட்டுத் தளம் இருபது முப்பது ஆண்டுகளில் உதிர்வது ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். அத்திவாரமோ திரண்டது. வீட்டுத் தளமோ நான்கு ஐந்து அங்குலத் தடிப்பே உடையது. அதன் உயிர்நாடியாகிய இரும்புக் கம்பி மேற்பரப்புக்கு மிக அண்மையில் கிடக்கின்றது. நோய் பற்றுவது அந்தக் கம்பியையே.

நோயின் மூலம்

இரும்பைச் சீமெந்துக்குள் பொதிந்து வைக்கும் முறைக்கு 1867ஆம் ஆண்டில் உரிமம் பெற்றவர் ஜோசப் மொனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர். பூந்தொட்டிகளுக்காக அவர் கையாண்ட முறை, பின்னர் உலகின் மாளிகைகளையெல்லாம் தாங்கலாயிற்று. புதிய கொங்கிறீற்று மிகுந்த காரத்தன்மை உடையது, அதன் பீ.எச். அளவு ஏறத்தாழ 12 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரம் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவதால் கம்பி துருப்பிடிப்பதில்லை. ஆனால், பெரியோர் கரியமிலவாயு என்றும் இன்றைய மாணவர் காபனீரொட்சைட்டு என்றும் சொல்லும் வாயு, கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உட்புகுந்து அக்காரத்தைக் குறைக்கின்றது. பீ.எச். அளவு 9 வரையில் இறங்கியதும் காப்பு அழிகின்றது. அதன் பின்னர் நீரும் ஒட்சிசனும் சேர்ந்தால் துரு பிடிப்பது உறுதி. துருவோ தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது. அந்த வீக்கமே கொங்கிறீற்றை வெடிக்கச் செய்து கீழே தள்ளுகின்றது.

விறகடுப்பு எரியும் சமையலறையை எண்ணிப் பாருங்கள். கீழே அடுப்புப் புகை. மேலே ஓயாத மழை. புகையோடு எழும் வாயு தளத்தின் அடிப்பக்கத்துக் காரத்தைக் கெடுக்கின்றது. மேலிருந்து கசியும் நீர் கம்பியை அடைகின்றது. கடலோரத்து வீடுகளுக்கு உப்பு பகையென்றால், கித்துல்கல போன்ற மலைச்சாரலுக்குக் கசிவே பகை. ஆகவே, நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாமல் செய்யப்படும் எந்தத் திருத்தமும் வீண்செலவே.

எந்த வெடிப்பு?

ஒப்பந்தகாரரை அழைக்கும் முன் தெளிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. வெடிப்பு வீட்டினுடையதா, நிலத்தினுடையதா? 2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடும்பங்கள்மேல் மண் சரிந்து உயிர்களைக் கொண்டது. சுவர் வெடிப்பு நாளுக்கு நாள் அகலுமாயின், கதவுகள் திடீரென இறுகுமாயின், முற்றத்து நிலமும் பிளந்து, மரங்கள் சாய்ந்து, புதிய ஊற்றிலிருந்து கலங்கல்நீர் வருமாயின், அங்கே சீமெந்துக்கு வேலையில்லை. உடனே வீட்டை விட்டு நீங்கிக் கிராம அலுவலருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவிப்பதே செய்யத்தக்கது.

வீடு தோட்ட நிர்வாகத்துக்கு உரிய லயனாக இருந்தால், தூணையோ சுவரையோ தொடுவதற்கு முன் நிர்வாகத்தின் ஒப்புதலை எழுத்தில் பெறவேண்டும். சொந்த வீடாயினும், அமைப்பை மாற்றும் வேலையாயின் பிரதேச சபையிடம் கேட்டறிவது நன்று.

தட்டிப் பார்த்துக் குறித்தல்

நோய் வீட்டினுடையதே எனத் தெளிந்தபின், தளத்தின் அடிப்பக்கம் முழுவதையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல இடம் கணீரென ஒலிக்கும்; கம்பியை விட்டுப் பிரிந்த இடம் வெற்றுப்பானைபோல் பொள்ளென ஒலிக்கும். பொள்ளல்களைச் சோக்கட்டியால் வட்டமிட்டு, அறைவாரியாகக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். இதனை உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரே வீட்டில் செய்துவிடலாம்; ஆயினும் பெரிதாகத் தொங்கும் பகுதிக்குக் கீழே எவரும் நிற்கலாகாது. புதிதாக உடைத்த கொங்கிறீற்றின்மேல், பாடசாலை ஆய்கூடத்தில் காணும் பினோப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சிய பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. நோய் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதை இது காட்டிவிடும். தூணோ விட்டமோ வெடித்திருந்தால் மேசனோடு நில்லாமல் பொறியியலாளர் ஒருவரை அழைப்பதே அறிவுடைமை.

ஒப்பந்தகாரரோடு பேசுதல்

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிர்மாணத்துறைக்கென ஓர் அபிவிருத்தி அதிகாரசபை உண்டு; ஒப்பந்தகாரர்கள் அதில் பதிவு செய்யப்படுகின்றனர். சிறு வேலைகளுக்குப் பெரும்பாலும் ஊரில் அறிந்த மேசன் பாஸ்தான் வருவார். அவரிடம் கேட்கவேண்டியது ஒன்று: இரண்டு மழைக்காலம் கண்ட உங்கள் திருத்தவேலை ஒன்றைக் காட்டுங்கள் என்பதே. நேற்றுப் பூசியது எவருடைய வேலையாயினும் அழகாகவே இருக்கும்.

அடுத்தது விலை. புதுவீட்டுக்கு மொத்த விலை பேசலாம். திருத்தத்துக்கு அது பொருந்தாது. உடைத்துப் பார்க்கும்வரை நோயின் பரப்பு இருவருக்கும் தெரியாது. மொத்தமாகப் பேசினால், ஒப்பந்தகாரர் அச்சத்தால் மிகுத்துச் சொல்வார். அல்லது குறைத்துச் சொல்லிவிட்டு வேலையைச் சுருக்குவார். ஆதலால் சதுர அடிக்கு இவ்வளவு, புதுக்கம்பி அடிக்கு இவ்வளவு என விலை பேசி, உடைத்து முடிந்தபின் இருவரும் சேர்ந்து அளந்து கையொப்பமிடுவதே நேர்மையான வழி. எதிர்பாராத செலவுக்கென ஒரு பங்கை வீட்டுக் கணக்கில் முன்னரே ஒதுக்கிவையுங்கள். பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை அடுத்த மழைவரை நிறுத்திவைப்பதாக எழுதிக்கொள்ளலாம். நேர்மையான தொழிலாளி இதற்கு வருந்தமாட்டார்.

வேலைமுறையையும் அதே காகிதத்தில் எழுதவேண்டும். முதலில் தளத்தைத் தாங்கு மரங்களால் முட்டுக்கொடுத்தல், கசிவை அடைத்தல், கெட்ட கொங்கிறீற்றைக் கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம்வரை உடைத்தெடுத்தல், துருவை உலோகம் மின்னும்வரை சுரண்டுதல், தடிப்புக் குறைந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டுதல். அத்துணைக்கம்பி நல்ல கம்பியோடு, தன் தடிப்பைப்போல் நாற்பது ஐம்பது மடங்கு நீளத்துக்கு ஒட்டிக் கிடக்கவேண்டும். பின்பு பழைய பரப்பைக் கழுவி ஈரமாக்கி, திருத்தச் சாந்தைப் படைபடையாக இறுக்கி நிரப்பவேண்டும். கம்பிக்கு மேலுள்ள மறைப்பில் கஞ்சத்தனம் கூடாது: வாயு உட்செல்லும் வேகம் வரவரக் குறைவதால், மறைப்பு இருமடங்கானால் கம்பியின் காவற்காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

காலமும் கைப்பொருளும்

கித்துல்கலவில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களே மழை குறைந்தவை.  எனவே மார்கழியில் பேச்சை முடித்து, தைப்பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்குவது உத்தமம். மணல் குவியலை மூடிவைக்கவேண்டும். நனைந்த மணல் தானே நீரைச் சுமந்துவந்து கலவையைக் கெடுக்கும். ஐம்பது கிலோச் சீமெந்து மூடை ஒன்றுக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, இருபத்தைந்து லீற்றருக்கு மேல் நீர் வேண்டா. கலவை இளகியிருந்தால் வேலை எளிது; எஞ்சிய நீர் விட்டுச்செல்லும் துளைகளோ மீண்டும் நோய்க்கு வழியாகும். சீமெந்து மூடைகளை நிலத்தில் வையாது, பலகைமேல், சுவரைத் தீண்டாமல் அடுக்குங்கள்.

கடைசி வேலை வீட்டாருடையது. புதிய திருத்தத்தை ஏழு நாள் ஈரம் காயாமல் காக்கவேண்டும். மழை பெய்கிறதே என்று விட்டுவிடுதல் தவறு. வன்மழை இளஞ்சாந்தைக் கரைக்கும், இடைவெயில் அதனை உலர்த்தும். நனைத்த சாக்கும் அதன்மேல் பொலித்தீன் விரிப்பும் போதும்.

இவ்வளவுக்கும் வேண்டியது பெருஞ்செல்வமன்று. ஒரு சுத்தியல், ஒரு சோக்கட்டி, இருவர் கையொப்பமிட்ட ஒரு காகிதம், மழை ஓய்ந்த சில வாரங்கள். வருந்திச் சேர்த்த பணத்தைப் பூச்சுக்குள் புதைப்பதா, தளத்தின்கீழ் உறங்கும் பிள்ளைகளின் காவலுக்கு ஆக்குவதா என்பதைக் குடும்பத்தார் கூடியிருந்து, மேசனை அழைக்கும் முன்பே தீர்மானிக்க வேண்டும்.