பழைய லாரிக்குப் பழைய டீசல் டாங்கி வாங்குதல்

நமது சங்கங்கள் சிலவற்றில் நூல் மூட்டையையும் நெல் மூட்டையையும் சுமக்கப் பழைய கனரக லாரி ஒன்று இன்றும் இருந்து வருகிறது. சென்னையில் 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் டாட்டா-மெர்சிடிஸ் லாரிகள் உருவாயின. அந்தப் பரம்பரையில் வந்த வண்டிகளின் எஞ்சின் எளிதில் சளைப்பதில்லை. முதலில் கைவிடுவது தகடுதான். புதுவையின் உப்புக் காற்றில், சேசிஸின் பக்கவாட்டில் தொங்கும் டீசல் டாங்கிக்கு ஆயுள் இன்னும் குறைவு. புதிய டாங்கி கம்பெனியில் கிடைப்பதில்லை. ஆகவே கழித்த வண்டியிலிருந்து எடுத்த டாங்கியைத் தேடிக் காரியதரிசி புறப்படுகிறார்.

“வெறும் தகரப் பெட்டிதானே, இதற்கு என்ன ஆராய்ச்சி!” என்று நினைப்பதில்தான் நஷ்டம் தொடங்குகிறது. நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் இவ்வாறே நடந்தது. கறுப்பு வர்ணம் பளபளக்க ஒரு டாங்கி வாங்கிப் பொருத்தினார்கள். மூன்றாவது நடையில், கத்தரிக்காய்ச் சுமையுடன் வண்டி நடுவழியில் நின்றது. வடிகட்டியைக் கழற்றினால் செங்கல் தூள் போன்ற துரு. அதைக் கழுவி ஓட்டினார்கள், மீண்டும் நின்றது. இறுதியில் டீசல் பம்பையே பழுது பார்க்க நேர்ந்தது. அச்செலவு டாங்கியின் விலையைப் போலப் பன்மடங்கு. காய் அழுகிய அங்கத்தினர்கள் ஒருபுறம் கேள்வி கேட்க, டாங்கிக்கு ரசீது எங்கே என்று தணிக்கை மறுபுறம் கேட்டது. ரசீது இல்லை. காரியதரிசி ஒரு காசும் கையாடாதவர் என்பதை நாம் அறிவோம். எனினும் அத்தொகை அவர் பேரில் பற்றெழுதப்பட்டது.

சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை, பழைய மோட்டார் சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடம். புதுவையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் சென்று அங்கு வாங்குவோர், பழைய டாங்கியின் அளவுகளை எழுதி எடுத்துச் செல்லாவிடில் இரண்டாம் முறையும் போக வேண்டிவரும். நீளம், அகலம், உயரம் இவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 80 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள உருளை டாங்கி ஏறக்குறைய 157 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் எண்ணெய் மட்டுமே சுமார் 130 கிலோ எடை. அதைத் தாங்கும் பிராக்கெட்டும் பட்டையும் பழைய இடத்திலேயே பொருந்துமாறு அதே வடிவத்தில் வாங்குவது உத்தமம்.

பெட்ரோல் வண்டியின் டாங்கியும் கடைகளில் உண்டு. பார்வைக்கு வேறுபாடு தெரியாது. டீசல் எஞ்சினில் பம்பும் இன்ஜெக்டரும் செலவழித்தது போக மிஞ்சிய எண்ணெய் டாங்கிக்கே திரும்ப வேண்டும். எனவே எடுக்கும் குழாய், திரும்பும் குழாய் என இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மிதவை மானி வேறு வண்டியுடையதாயின் முள் பொய் சொல்லும். அதற்காக நல்ல டாங்கியை ஒதுக்க வேண்டியதில்லை. நம் டிரைவர்கள் குச்சி விட்டு அளப்பது எந்த முள்ளுக்கும் குறைந்ததன்று.

இனிச் சோதனை. வர்ணத்தை நம்பலாகாது. காந்தத் துண்டு ஒன்றைத் தகட்டின்மேல் நகர்த்தி வந்தால், ஓட்டையை அடைத்துப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் நழுவும். பட்டை இறுக்கும் இடத்தையும் அடிப்பாகத்தையும் நாணயத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். பட்டையின் கீழ் வைத்த ரப்பரோ கித்தானோ உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாதலால் அங்கேதான் துரு முதலில் அரிக்கிறது. பிறகு மூடியைத் திறந்து டார்ச் விளக்கால் உள்ளே நோக்குக. தீக்குச்சி கூடவே கூடாது. எண்ணெய் அலம்பாதிருக்க உள்ளே நிறுத்தியுள்ள தடுப்புத் தகடுகள் விட்டுப் போயிருந்தால், டாங்கியை அசைக்கும்போது கடகடவென ஓசை கேட்கும். அத்தகையதை விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். உட்புறம் நாகம் பூசிய டாங்கியும் வேண்டாம். நாகம் டீசலுடன் கலந்து சோப்புப் போன்ற பிசினாகி வடிகட்டியை அடைக்கும்.

ஒழுக்கு உண்டா என்றறிய வல்கனைசிங் கடைக்காற்றை ஏற்றுவது சிலர் வழக்கம். 60-க்கு 40 சென்டிமீட்டர் உள்ள ஒரு பக்கம் 2,400 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏற்றினாலே அப்பக்கத்தின்மேல் 2,400 கிலோ விசை விழும். டாங்கி உப்பிக் கிழியாமல் என்ன செய்யும்? இதனினும் பத்திரமானதும் செலவில்லாததுமான முறை ஒன்று உண்டு. வெளிப்புறத்தைத் துடைத்து, நீர்ச் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வைத்தால், ஊசிமுனைத் துளையாயினும் வெள்ளையில் கறை ஊறிவிடும். ஓர் இரவு பொறுத்தால் போதும். கடைக்காரர் அந்த ஓர் இரவைத் தர மறுத்தால், அதுவும் ஒரு விடையே.

துளை காணப்பட்டு, பற்றவைக்க எண்ணினால், மிக்க எச்சரிக்கை தேவை. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கி அபாயமானது. மடிப்புகளில் ஒட்டிய டீசல் வெப்பத்தால் ஆவியாகிக் காற்றுடன் கலந்து வெடிக்கும். பச்சைத் தண்ணீரால் அலம்பினால் அது போகாது. நீராவியால் நன்கு கழுவி, பற்றவைக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழ்வரை நீர் நிரப்பி, வாய்களைத் திறந்து வைத்துச் செய்யத் தெரிந்த பட்டறையிடமே கொடுக்க வேண்டும். “டீசல்தானே” என்று சொல்லும் பட்டறைக்காரரிடம் கொடுக்க வேண்டாம். அவர் உயிரும் ஓர் உயிர்தான். பல இடங்களில் துளை இருந்தால் பழையதை விட்டு, தடுப்புடன் புதிதாகவே 16 கேஜ் இரும்புத் தகட்டில் கட்டிக்கொள்வது நமது கருத்தில் லாபம்.

ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் எண் உண்டு. டாங்கிக்குப் பெரும்பாலும் எண் இல்லை. அது எந்த வண்டியினின்று வந்தது என்பதற்குக் கடைக்காரர் தரும் ரசீதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கழித்த வண்டியின் பதிவெண்ணையும் அதில் எழுதிப் பெறுவது நலம். நிர்வாகக் குழுவின் தீர்மானம், மூன்று கடை விலைப்புள்ளி, ரசீது, சரக்குப் பதிவேட்டில் வரவு, கழற்றிய டாங்கியை விற்ற தொகை ஆகிய இவ்வளவும் மினிட் புத்தகத்தில் நாலு வரிக்குள் அடங்கும். முன்சொன்ன காரியதரிசிக்கு இல்லாது போனவை இந்த நாலு வரிகளே.

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் வந்த தனி விதி இருசக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகக் கார்களுக்குமே உரியது, லாரிக்குப் பொருந்தாது. 8 ஆண்டு கடந்த சரக்கு லாரி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும்.

பொருத்தும்போது புகைக்குழாயை விட்டு விலகியிருக்கிறதா என்றும், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபடாமலிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. துளை அடைபட்டால் எண்ணெய் இறங்காது. இரவில் டாங்கியை நிறைத்து நிறுத்தினால், காலியிடத்துக் காற்றின் ஈரம் நீராகி அடியில் தங்குவது குறையும். முதல் மூன்று நடைக்கும் திரும்பியவுடன் வடிகட்டியின் கிண்ணத்தைத் திறந்து, துரு இறங்கியிருக்கிறதா என்று டிரைவரும் காரியதரிசியும் சேர்ந்தே பார்க்கட்டும்.